பொக்கற்றில் திறப்பு, தானாக நிற்கும் எஞ்சின்: யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணம் புகையிரத நிலைய வாசலில் என் கணவர் இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை ஓட்டி வந்தவர் அவர். இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு கொழும்பு ரயிலுக்குப் போக, நான் சாரதி இருக்கைக்கு மாறி, திருநெல்வேலிச் சந்தைக்குத் திருப்பினேன். கார் பீப் பீப் என்று கத்தியது. பின்கதவு சரியாகச் சாத்தவில்லையாக்கும் என்று நினைத்தேன். மீற்றரில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி வந்தது. அப்படி அடிக்கடி ஏதாவது வரும், யார் வாசிக்கிறது? சந்தையடியில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால் கதவுப் பொத்தானுக்குப் பூட்டு விழவில்லை. அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய், மரக்கறி வாங்கி வந்து ஸ்ரார்ட் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குப் போன் எடுத்தேன்.

“என்னப்பா, கார்த் திறப்பு உங்களிட்டையோ?”

“ஓம், சேட்டுப் பொக்கற்றுக்கை கிடக்கு. ஏன், நீர் வீட்டை போகேல்லையோ?”

ரயில் அப்போது சாவகச்சேரி தாண்டிவிட்டது. கொடிகாமத்தில் இறங்கி, பஸ் பிடித்து அவர் திரும்பி வரும்வரை பூட்டாத காருக்குள் காவல் இருந்தேன். அவருடைய கொழும்புப் பயணமும் அன்றைக்குப் போயிற்று.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. பழைய காரில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் ஓடும், இழுத்தெடுத்தால் நிற்கும். திறப்பு எங்கே என்று கை அறியும், எஞ்சின் ஓடுகிறதா என்று காது அறியும். பொத்தானை அழுத்தி ஓடவைக்கும் புஷ் ஸ்ரார்ட் கார் அந்த இரண்டு அறிவையும் நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. திறப்பு யாருடைய பொக்கற்றிலும் இருக்கலாம். சத்தம் இல்லாத எஞ்சின் நின்றிருக்கலாம், அல்லது அடுத்த நொடியே ஓடலாம். கையும் காதும் செய்த வேலையைப் பழக்கத்தால் செய்ய வேண்டும். அந்தப் பழக்கங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இறக்குமதி நிற்பதற்கு முன் வந்த வாகன் ஆர், விட்ஸ், அக்குவா, ஃபிட், வெசல் போன்ற ஜப்பான் கார்கள்தான் எங்கள் ஒழுங்கைகளில் அதிகம் ஓடுகின்றன. 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பிறகு புதியவையும் வருகின்றன. பலவற்றுக்குக் கைநூல் இருந்தால் அது ஜப்பான் மொழியில் இருக்கும். ஆகவே முதல் வேலையாக, ஒரு ஞாயிறு பின்னேரம் காரைப் படலைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டு, மீற்றரில் வரும் ஒவ்வொரு வரியையும் போன் கமராவால் மொழிபெயர்க்கும் செயலியில் பாருங்கள். “திறப்பு காருக்குள் இல்லை” என்ற வரி எப்படி இருக்கும் என்று எனக்கு முதலே தெரிந்திருந்தால், நான் ஸ்ரான்லி வீதியைத் தாண்டுவதற்குள் திரும்பியிருப்பேன்.

திறப்பும் காரும் பேசிக்கொள்வது எப்படி

கதவுக் கைபிடியைத் தொட்டதும், அல்லது அதிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தியதும், கார் மிகக் குறைந்த அதிர்வெண்ணில், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில், “யார் அங்கே?” என்று கேட்கிறது. இந்த அலை தூரம் போகாது. கதவைச் சுற்றி ஒரு மீற்றருக்கு உள்ளேதான் கேட்கும். அதைக் கேட்ட திறப்பு தன் இரகசிய இலக்கத்தை உயர்ந்த அதிர்வெண்ணில் திருப்பிச் சொல்கிறது. ஜப்பான் சந்தைக்குச் செய்த கார்களில் இது 315 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், ஐரோப்பியக் கார்களில் 433. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். காருக்குள்ளும் இதே கேள்வி பதில் நடந்த பிறகுதான் ஸ்ரார்ட் பொத்தானுக்கு உயிர் வரும்.

இது தெரிந்தால் பல புதிர்கள் அவிழும். திறப்பையும் போனையும் ஒரே பொக்கற்றில் ஒட்டி வைத்தால் சில வேளை கதவு திறக்காது, ஏனென்றால் போன் எழுப்பும் இரைச்சலில் காரின் மெல்லிய கேள்வி அமுங்கிவிடுகிறது. தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குக் கீழே நிறுத்தினாலும் இப்படி நடக்கலாம். திறப்பை மற்றப் பொக்கற்றுக்கு மாற்றுங்கள், அல்லது கைபிடிக்குப் பக்கத்தில் பிடியுங்கள், வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து இன்னொரு திறப்பை வாங்கி அனுப்புவதாகச் சொந்தக்காரர் யாராவது சொன்னால் அந்த அதிர்வெண் வேறுபாட்டை நினைவில் வையுங்கள். அது உங்கள் காரோடு பேசாது.

வீட்டில் செய்து பார்க்க வேண்டிய சோதனை

இதை நடுவீதியில் கற்றுக்கொள்ள வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, கியரை “பி” (பார்க்) யில் வைத்து, ஹாண்ட்பிறேக்கை இழுத்துவிட்டு, இன்னொருவரிடம் திறப்பைக் கொடுத்துப் படலைக்கு வெளியே போகச் சொல்லுங்கள். கார் பீப் அடிக்கும், விளக்கு மினுங்கும், ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் எஞ்சினைத் திறப்பு விலகிப் போனதற்காக நிறுத்துவது ஆபத்து என்பதால் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இப்போது எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கள். முடியாது. உங்கள் கார் அடிக்கும் அந்தப் பீப் சத்தத்தை வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் ஒருமுறை கேட்டு வைக்க வேண்டும்.

அடுத்து, கைபிடிப் பொத்தானால் பூட்டிவிட்டு, பூட்டிவிட்டதா என்று கைபிடியை இழுத்துப் பாருங்கள். திறப்பு உங்களிடம் இருப்பதால் சில கார்கள் உடனே திறந்துவிடும், இழுத்துப் பார்த்ததே பூட்டைக் கழற்றியதாகிவிடும். கண்ணாடிகள் மடிவதையோ சிக்னல் லைற் மினுங்குவதையோ அடையாளமாக வைத்துக்கொள்வது நல்லது. ரிமோட்டில் திறந்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் நின்றால், அரை நிமிடம் அளவில் கார் தானே மறுபடி பூட்டிக்கொள்வதையும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: திறப்பைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்து, குழந்தையைக் காருக்குள் இருத்திவிட்டு இறங்காதீர்கள். மதியம் எங்கள் வெயிலில் பூட்டிய காருக்குள் சில நிமிடங்களே போதும்.

கோயிலுக்கும் கேணிக்கும் போகும்போது

நல்லூருக்குப் போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். திறப்பு சேட்டோடு காருக்குள் போகும், அல்லது வேட்டி மடிக்குள் போகும். மடியில் இருக்கும் திறப்பு நிலத்தில் விழுந்து வணங்கும்போது நழுவும், பிரதட்டை பண்ணுபவருக்கோ கேட்கவே வேண்டாம். மஞ்சத் திருவிழாவிலும் தேரிலும் நிற்கும் சனத்தில் அதைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். எங்கள் வீட்டில் திறப்பு எப்போதும் பெண்களின் கைப்பைக்குள், அல்லது கழுத்தில் நாடாவில். இருபத்தைந்து நாள் திருவிழாவில் வீதிகள் மூடப்பட்டு, காரைத் தூரத்து ஒழுங்கையில் விட்டு நடப்பதால், திறப்பைக் காருக்குள் மறந்து வருவதும் அதிகம். சேட்டைக் காரில் வைக்கிறவர்கள் முதலில் திறப்பைக் கையில் எடுத்துவிட்டுப் பிறகு சேட்டைக் கழற்றுங்கள்.

திறப்பு உள்ளே இருந்தால் கார் பீப் அடித்துப் பூட்ட மறுக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் தகரப் பெட்டிக்குள்ளோ உலோக அர்ச்சனைத் தட்டுக்குக் கீழேயோ இருந்தால் காருக்கு அது தெரியாமல் போகலாம்.

கீரிமலையில் குளிக்கப் போகிறவர்களும், குறிகட்டுவானில் காரை விட்டு நயினாதீவுக்குப் படகு ஏறுகிறவர்களும் திறப்பை இரண்டு பொலித்தீன் பைக்குள் முடிந்து கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது ஒரு மின்பலகை. உப்புத் தண்ணீர் பட்டால் நன்னீரைவிட வேகமாக அரிக்கும். விழுந்துவிட்டால் உடனே திறந்து பற்றரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறதுதான் அதைக் கொல்லும்.

திறப்பின் பற்றரி செத்தால்

அதிகமான திறப்புகளில் இருப்பது சீஆர் 2032 என்ற 3 வோல்ற் நாணயப் பற்றரி, சில ரொயோட்டாக்களில் சீஆர் 1632. ஒன்று இரண்டு வருடம் வரும். கைபிடியில் இரண்டு தரம் தொட வேண்டி வந்தாலோ, ரிமோட் எட்டும் தூரம் குறைந்தாலோ மாற்றிவிடுங்கள்.

முழுதாகச் செத்த பிறகும் கார் ஓடும். திறப்பின் பக்கத்தில் உள்ள சின்ன நாக்கைத் தள்ளினால் உள்ளே ஒரு இரும்புத் திறப்பு இருக்கும். அதால் சாரதிக் கதவைத் திறவுங்கள். திருட்டு அலாரம் உள்ள கார் அலறலாம், பயப்பட வேண்டாம். பிறேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பை ஸ்ரார்ட் பொத்தானில் தொடும்படி பிடியுங்கள். ரொயோட்டாவில் சின்னம் உள்ள பக்கம், ஹொண்டாவில் ஹொண்டா அடையாளம் உள்ள பக்கம், சுசுக்கியில் பூட்டுப் பொத்தான் இருக்கும் முனை. கார் ஒரு பீப் அடித்ததும் பொத்தானை அழுத்துங்கள். திறப்புக்குள் பற்றரி இல்லாமலே பதில் சொல்லும் இன்னொரு சில்லு இருப்பதால் இது வேலை செய்கிறது.

இரும்புத் திறப்பை வாழ்நாளில் ஒருமுறையும் பாவிக்காதவர்கள் இன்றைக்கே கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எங்கள் கடற்காற்றில் பாவிக்காத பூட்டு இறுகிப்போகும். பழைய பற்றரியைச் சின்னப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் போடவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்திலேயே உணவுக்குழாய் எரிந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே போதனா வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

ஸ்ரார்ட் பொத்தான்

பிறேக்கை மிதிக்காமல் அழுத்தினால் எஞ்சின் ஓடாது, முதல் அழுத்தில் றேடியோ, அடுத்ததில் எல்லா மின்சாரமும், அதற்கடுத்ததில் ஓஃப். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றபோது, றேடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கிப் பற்றரியை இறக்கியவர்கள் கனபேர். ஸ்ரியறிங் பூட்டிக்கொண்டு கார் ஸ்ரார்ட் ஆக மறுத்தால், ஸ்ரியறிங்கை மெல்ல இடம் வலமாக ஆட்டிக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள்.

ஓடும்போது எஞ்சினை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் பொத்தானைச் சும்மா ஒருமுறை தட்டினால் போதாது. இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது மளமளவென்று மூன்று தரம் தட்ட வேண்டும். எஞ்சின் நின்றதும் ஸ்ரியறிங் இறுகும், பிறேக்குக்கு அதிக பலம் வேண்டும். காரில் ஓட்டப் பழகும் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

இறங்குவதற்கு முன்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஐடில் ஸ்ரொப் உள்ள காரில் பிறேக்கை மிதித்து நின்றதும் எஞ்சின் அடங்கிவிடும். ஏசிக் காற்று வரும், றேடியோ பாடும், எஞ்சின் சத்தம் இருக்காது. வீட்டு வாசலில் வந்து நின்றதும் கை தானாகக் கதவுக்குப் போகும். கியர் இன்னும் “டி” (டிரைவ்) யில்தான் இருக்கிறது. பிறேக்கிலிருந்து கால் எடுத்ததும் எஞ்சின் ஓடி, கார் முன்னுக்குப் போகும். பெல்ற்றைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ சில கார்கள் தாமாக எஞ்சினை ஓட்டும், சில பீப் மட்டும் அடிக்கும். படலையைத் திறக்க இறங்குகிற பழக்கம் எங்களுக்கு இருப்பதால் இது சின்ன விஷயமில்லை. காருக்கும் படலைக்கும் நடுவில் நிற்பது நாங்களேதான்.

ஆகவே வரிசை மாறாமல்: “பி”, ஹாண்ட்பிறேக், பொத்தானை அழுத்தி ஓஃப், மீற்றர் இருண்டதைக் கண்ணால் பார்த்தல், திறப்பைக் கையால் தொட்டுப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் கதவு. படலை திறக்க ஒரு நிமிடம்தானே என்றாலும் “பி” யும் ஹாண்ட்பிறேக்கும் கட்டாயம்.

அக்குவா போன்ற ஹைபிறிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். ஓஃப் பண்ண மறந்தால் ஒரு சத்தமும் இராது. பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானே ஓடத் தொடங்கும். மூடிய கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் அந்தப் புகையில் உள்ள, உயிரைப் பறிக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சாரதி மாறும் இடங்களில், அதாவது ரயில் நிலையம், பஸ் நிலையம், பள்ளிக்கூட வாசல், வைத்தியசாலை வாசல் என்று எங்கே என்றாலும், இறங்குகிறவர் திறப்பை மற்றவர் கையில் கொடுத்து, வாங்கியவர் “வாங்கிட்டன்” என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அது சட்டம்.

தானாக நிற்கும் எஞ்சின்

2012இல் வந்த வாகன் ஆரில் சுசுக்கி எனெ-சார்ஜ் என்ற முறையைக் கொண்டு வந்தது. கார் வேகம் குறையும்போது கிடைக்கும் சக்தியை இருக்கைக்குக் கீழுள்ள ஒரு சின்ன லிதியம் பற்றரி சேர்த்து வைக்கும். மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வேகம் இறங்கியதுமே, கார் முற்றாக நிற்க முன்னரே எஞ்சின் அடங்கும். அதில் மறுபடி ஓடவைப்பது வழமையான ஸ்ரார்ட்டர். 2014இல் வந்த எஸ்-எனெ-சார்ஜில் எஞ்சின் பெல்ற்றோடு இணைந்த மோட்டார் அந்த வேலையைச் செய்வதால் உதறல் இல்லை. உங்களுடையது எது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

“என்ரை காரிலை அது வேலை செய்யுதில்லை” என்று கராஜுக்குப் போகிறவர்கள் பலர். எங்கள் ஊரில் அது வேலை செய்யாமல் இருப்பதற்குக் காரணங்கள் நிறைய: எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஏசி முழு வேகத்தில் கேட்கப்படுகிறது, பற்றரியில் போதிய மின்சாரம் இல்லை, ஸ்ரியறிங் திருப்பப்பட்டிருக்கிறது, பெல்ற் போடவில்லை. சித்திரை வைகாசி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு அது இயங்காவிட்டால் கார் சரியாகத்தான் இருக்கிறது. மார்கழிக் காலையில், ஏசி இல்லாமல், பதினைந்து நிமிடம் ஓடிய பிறகும் நிற்கவில்லை என்றால் பற்றரியைச் சோதியுங்கள். பற்றரி தளர்ந்ததற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான்.

ஏ எழுத்தைச் சுற்றி வளைந்த அம்புக்குறி உள்ள பொத்தான் அதை ஓஃப் பண்ணும். ஒவ்வொரு முறை ஸ்ரார்ட் பண்ணும்போதும் மறுபடி அழுத்த வேண்டும்.

எங்கே விடலாம், எங்கே ஓஃப் பண்ணலாம் என்பதில் என் தீர்ப்பு இது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் போன்ற இடங்களில் ரயில் கடவை மூடியிருக்கும்போது அது நன்மை, நிமிடக்கணக்கில் நிற்கிறோம். ஆஸ்பத்திரி வீதியில் ஐந்து நொடிக்கு ஒருமுறை நகரும் நெரிசலில் பெற்றோலும் மிஞ்சாது, ஸ்ரார்ட்டரும் பற்றரியும் தேயும். ஓஃப். சின்ன ஒழுங்கையிலிருந்து கண்டி வீதிக்கோ பலாலி வீதிக்கோ வலப்பக்கம் ஏறும்போது ஓஃப், பஸ் வருவதற்கு முன் புகுந்துவிட நினைத்த அந்த அரை நொடி எங்களுக்குக் கிடைக்காது. காவல் இல்லாத ரயில் கடவைக்கு வருமுன் கட்டாயம் ஓஃப். வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்போதே அடங்கும் எஞ்சினோடு தண்டவாளத்தில் ஏறக் கூடாது. மாரி வெள்ளத்திலும் ஓஃப். மதிலோரம் ரிவேர்ஸ் எடுத்துத் திருப்பும்போதும் அது தொல்லைதான்.

மிச்சம் எவ்வளவு? 660 சீசீ எஞ்சின் ஏசியோடு நின்றபடி மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து நிமிடம் எஞ்சின் அடங்கியிருந்தால் ஏறத்தாழ 80 மில்லிலீற்றர், வருடம் முந்நூறு நாளுக்கு 25 லீற்றர். யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் என்பதே தாராளக் கணக்கு, எங்களிடம் கொழும்பு நெரிசல் இல்லை.

இந்த மிச்சத்தை விழுங்கக்கூடியது பற்றரி. ஐடில் ஸ்ரொப் காருக்கு அடிக்கடி ஸ்ரார்ட்டைத் தாங்கும் தனிப் பற்றரி வேண்டும். பெட்டியில் கே-42, எம்-42, என்-55, கியூ-85 என்ற மாதிரிக் குறி இருக்கும். அதே அளவுள்ள சாதாரண பற்றரி உள்ளே பொருந்தும், விலையும் குறைவு, ஆனால் சில மாதத்திலேயே தளரும். அதைத்தான் போடப் போகிறீர்கள் என்றால் ஐடில் ஸ்ரொப்பை நெடுகவும் ஓஃபில் வைத்து ஓடுங்கள். புதுப் பற்றரி போட்டதும் பல கார்களில் கணினியால் பழைய கணக்கை அழிக்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த இடத்திலேயே மாற்றுங்கள். தினமும் இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடும் கார் பற்றரியைப் பட்டினி போடுகிறது. கிழமைக்கு ஒருமுறை பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ நிற்காமல் ஒரு ஓட்டம் கொடுங்கள்.

பெரிய பற்றரி முற்றாக இறங்கினால் புஷ் ஸ்ரார்ட்டும் இல்லை, ரிமோட்டும் இல்லை. ஒட்டோமற்றிக் காரைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணவும் முடியாது. இரும்புத் திறப்பால் ஏறி, ஜம்ப் வயரால் இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஒரு வயரை டிக்கிக்குள் போட்டு வையுங்கள், ஆனால் டிக்கியே மின்சாரத்தில் திறப்பதென்றால் சாரதி இருக்கைக்குக் கீழே.

இரவில் திறப்பு எங்கே

விறாந்தைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் திறப்பைக் கொழுவுவது எங்கள் வீடுகளின் வழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் கார் நிற்கும். கார் கேட்கும் கேள்வியை ஒருவர் கருவியால் வாங்கி, சுவரோரம் நிற்கும் இன்னொருவரின் கருவிக்கு அனுப்பினால், உள்ளே இருக்கும் திறப்பு அப்பாவியாகப் பதில் சொல்லிவிடும். கார் திறந்து ஓடும். வெளிநாடுகளில் இப்படித்தான் கண்ணாடி உடையாமல் கார்கள் போகின்றன. திறப்பைக் காரிலிருந்து தூரமான அறையில், மூடியுள்ள பிஸ்கற் தகரத்துக்குள் வையுங்கள். தகரத்துக்குள் வைத்த திறப்போடு காருக்குப் பக்கத்தில் போய்க் கைபிடியைத் தொட்டுப் பாருங்கள், திறந்தால் வேறு தகரம் தேடுங்கள். பல ரொயோட்டாத் திறப்புகளில் பூட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால், சின்ன விளக்கு நாலு தரம் மினுங்கித் திறப்பு உறங்கிவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எழும்பும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பிள்ளைகளுக்கென்று மாதக்கணக்காகப் போர்ட்டிக்கோவில் நிற்கும் கார்களுக்கும் இது பொருந்தும். திறப்பு காருக்கு இரண்டு மீற்றருக்குள் கிடந்தால் சில கார்களில் இரண்டும் ஓயாமல் பேசி, இரண்டு பற்றரியும் இறங்கும்.

கடைசியாக, ஏலத்தில் எடுத்து வந்த பல கார்கள் ஒரே ஒரு திறப்போடுதான் கைக்கு வருகின்றன. ஒரு திறப்பு கையில் இருக்கும்போதே இரண்டாவதைப் பதிவுசெய்வது சுலபம். இருந்த ஒன்றும் தொலைந்த பிறகு செலவு பல மடங்கு, சில கார்களுக்குக் கணினிப் பெட்டியையே கழற்ற வேண்டி வரும். எங்கள் இரண்டாவது திறப்பு இப்போது கொக்குவிலில் மாமி வீட்டு அலுமாரிக்குள், பற்றரி கழற்றி, காகிதத்தில் சுற்றி, காரின் இலக்கம் எழுதி இருக்கிறது.